புண்ணாக்கு போன வழி, பவுடர் வந்த வழி

மங்கலம்பேட்டையைச் சுற்றியுள்ள செம்மண் காட்டில் விளைந்த மணிலாவைச் சொல்லாமல் ஐரோப்பாவின் பால் பவுடரைப் பற்றிப் பேசினால், கணக்கில் பாதி விட்டுப்போகும். வெளிநாட்டு உதவி என்று பேச்செடுத்தாலே அவர்கள் கொடுத்தார்கள், நாம் வாங்கிக்கொண்டோம் என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். நான் இந்தப் பக்கத்து ஊர்களில் கால்நடை ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மாட்டின் வாய்க்குள் என்ன போகிறது, மடியிலிருந்து என்ன வருகிறது என்று பார்ப்பதே பிழைப்பாக இருந்ததால், இந்தக் கதையையும் தீவனத்திலிருந்துதான் எனக்குத் தொடங்க வருகிறது.

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டைக்குப் போகும் சாலையில் உள்ள ஊர் மங்கலம்பேட்டை. வீட்டில் மல்லாட்டை என்போம், மண்டியில் மணிலா என்பார்கள். இரண்டும் நிலக்கடலைதான். தென் அமெரிக்காவில் பிறந்து கடல் சுற்றி வந்த பயிர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை மாகாணத்தில் இதற்குப் பேர் போன மாவட்டம் தென்னாற்காடு. இங்கிருந்து வண்டி வண்டியாகப் பாண்டிச்சேரித் துறைமுகத்துக்குப் போய், அங்கிருந்து பிரான்ஸின் மார்செய் நகரத்துக்குக் கப்பலேறியது. அங்கே செக்குக்கும் சோப்பு ஆலைக்கும் அது வேண்டியிருந்தது. 1890களில் பழைய விதை நலிந்து விளைச்சல் படுத்துவிட்டபோது மொரீஷியஸ் தீவின் விதை வந்து பயிரைத் தூக்கி நிறுத்தியது. அதை யாரும் உதவி என்று சொல்லவில்லை. காய் வேண்டியவனுக்கு விதையும் கவலைதானே. 1905இல் பாலூரில் அரசுப் பண்ணை வந்தது. பிறகு திண்டிவனத்து ஆராய்ச்சி நிலையம் 1940இல் டி.எம்.வி. 2 என்ற ரகத்தைக் கொடுத்தது. எங்கள் அப்பா காலத்தில் விதைக்காய் என்றால் அதுதான். விருத்தாசலத்து வி.ஆர்.ஐ. ரகங்கள் அதற்கெல்லாம் பின்னால் வந்தவை.

எண்ணெய் போக மிஞ்சுவது புண்ணாக்கு. கறவை மாட்டுக்கு அதைவிட நல்ல புரதம் நம் பக்கத்தில் கிடையாது. அந்தப் புண்ணாக்கும் கப்பலேறியது. சுதந்திரத்துக்குப் பிறகும், 1960களிலும் 70களிலும், எண்ணெய் முழுக்க எடுத்த கடலைப் புண்ணாக்கை இந்தியா ஐரோப்பாவுக்கு ஏராளமாக விற்று அந்நியச் செலாவணி பார்த்தது. அங்கே பண்ணை மாடுகள் அதைத் தின்றன. ஒரு மாடு இருபது லிட்டர், இருபத்தைந்து லிட்டர் என்று கறந்தது. தேவைக்கு மேல் பால் பெருகிப்போய், ஐரோப்பியப் பொருளாதாரக் கூட்டமைப்பு அதைப் பவுடராகவும் வெண்ணெயாகவும் கிடங்குகளில் அடுக்கி வைத்துத் திணறியது. மங்கலம்பேட்டைப் புண்ணாக்கைத் தின்ற மாடு எது என்று யாரும் அடையாளம் காட்ட முடியாது. ஆனால் எங்கள் நாட்டு மாடு வைக்கோலும் மல்லாட்டைக் கொடியும் தின்று ஒரு படி பாலோடு நின்ற காலத்தில், எங்கள் மண்ணின் புரதம் டென்மார்க்குக்கும் ஹாலந்துக்கும் போய்க்கொண்டிருந்தது என்பது உண்மை.

எனக்குத் தெரிந்த முதல் வெளிநாட்டுப் பால் பள்ளிக்கூடத்தில் குடித்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் மதிய உணவோடு கேர் நிறுவனத்தின் உதவியும் சேர்ந்தது. மூட்டையில் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம் இருக்கும். வாத்தியார் பெரிய அண்டாவில் வெந்நீரைக் கொட்டிப் பவுடரைக் கலக்குவார். கட்டி கட்டியாக நிற்கும். ஒரு மாதிரி வாடை அடிக்கும். பெண் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பார்கள். பையன்கள் பவுடரை அப்படியே வாயில் போட்டு மேலண்ணத்தில் ஒட்டவைத்து நக்குவோம். பசித்த வயிற்றுக்கு அது பெரிய காரியம், குறை சொல்ல மனசு வராது. ஆனால் அந்தப் பவுடரால் எங்கள் ஊரில் ஒரு மாடு கூட ஒரு ஆழாக்கு கூடுதலாகக் கறக்கவில்லை. மூட்டை தீர்ந்ததும் எல்லாம் தீர்ந்தது.

அதே பவுடர் வேறு வழியாக வந்தபோதுதான் கதை மாறியது. 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டம், ஆங்கிலத்தில் ஆபரேஷன் ஃபிளட். வர்கீஸ் குரியன் அப்போது தேசியப் பால்வள வாரியத்தின் தலைவர். ஐரோப்பாவில் மலைபோல் குவிந்திருக்கும் பவுடரும் வெண்ணெயும் ஒருநாள் சும்மாவோ சல்லிசாகவோ இந்தியாவுக்குள் கொட்டப்படும், கொட்டினால் நம் பால்காரனின் பானை கவிழ்ந்துவிடும் என்று அவர் பயந்தார். கொட்டுவதற்கு முன் நாமே கேட்டு வாங்கிவிட்டால்? உலக உணவுத் திட்டத்தின் மூலம் 1,26,000 டன் கொழுப்பு நீக்கிய பால் பவுடரும் 42,000 டன் வெண்ணெய் எண்ணெயும் வருவதாக ஏற்பாடு. இலவசமாக வந்ததை அவர் இலவசமாகக் கொடுக்கவில்லை. பம்பாய், டெல்லி, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களின் பால் பண்ணைகளில் அதைத் தண்ணீரோடு சேர்த்துப் பாலாக்கி, விலைக்கு விற்று, அந்தப் பணத்தைக் கிராமங்களில் பால் சங்கம் அமைக்கவும் குளிரூட்டும் நிலையம் கட்டவும் டேங்கர் வாங்கவும் செலவழித்தார்கள். சென்னையில் அந்த வேலைக்கு மாதவரம் பண்ணை இருந்தது. அதுவுமே 1963இல், கொழும்புத் திட்டத்தின் கீழ் நியூசிலாந்து உதவியோடு வந்ததுதான்.

திட்டம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் கால் ஊன்றியபோது பால்வளத் துறை, கழகம் என்று பல பெயர்ப்பலகைகள் மாறி, 1981 பிப்ரவரி 1ஆம் தேதி வணிகப் பொறுப்பு கூட்டுறவு இணையத்துக்குக் கைமாறியது. ஆவின் என்ற பெயர் மட்டும் மக்கள் வாயில் நின்றது. எங்கள் பக்கத்தில் பால் சொசைட்டி என்றால் அப்போது மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டுக் கொட்டகை, ஒரு மேஜை, ஒரு லாக்டோமீட்டர், கையால் சுற்றும் ஒரு இயந்திரம். அந்த இயந்திரத்தைப் பற்றி நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

அதற்கு முன்பு பால்காரர் என்பவர் வீட்டுக்கு வீடு வந்து கறந்து எடுத்துப் போவார். விலை அவர் சொன்னதுதான். முன்பணம் அவரிடம் வாங்கியிருப்போம், அதனால் வாயைத் திறக்க முடியாது. தண்ணீர் ஊற்றினாலும் ஊற்றாவிட்டாலும் ஒரே விலை என்பதால் எல்லோரும் ஊற்றினார்கள். சொசைட்டி வந்ததும், நிக்லாஸ் கெர்பர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 1890களில் கண்டுபிடித்த சோதனை எங்கள் கொட்டகைக்கு வந்தது. கண்ணாடிக் குழாயில் 10 மில்லி கந்தக அமிலம், அதன்மேல் 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால். அடைப்பானைத் திருகிக் குலுக்கினால் குழாய் கை தாங்காத சூடாகும். இயந்திரத்தில் வைத்துச் சுற்றினால் கொழுப்பு மட்டும் தனியே மேலே வந்து கோட்டில் நிற்கும். படிக்கத் தெரியாத கிழவி கூட அந்தக் கோட்டைப் பார்த்து இன்றைக்கு நாலு புள்ளி ரெண்டு என்று சொல்லிவிடுவாள். ஜாதி பார்க்காத கோடு அது. பெரிய வீட்டுப் பாலும் காலனியிலிருந்து வந்த பாலும் ஒரே இயந்திரத்தில் சுற்றின. முதல் சில மாதம் அதனால் முணுமுணுப்பும் இருந்தது. ஒரே கேனில் எல்லார் பாலும் விழுவதா என்று கேட்டவர்கள் பத்து நாள் பட்டுவாடா கைக்கு வந்ததும் கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

சங்கத்தில் விழுந்த பால், புண்ணாக்கையும் ஊரிலேயே நிறுத்தி வைத்தது. பாலுக்குக் கொழுப்பு பார்த்து விலை என்றானதும், மாட்டுக்குப் போடும் தீவனத்துக்கும் அர்த்தம் வந்தது. செக்கிலிருந்து புண்ணாக்கை முழுதாக விற்றுவிடாமல் வீட்டுக்கு ஒரு மூட்டை என்று வைத்துக்கொள்ளும் பழக்கத்தை நான் பார்க்கத் தொடங்கியதே அப்போதுதான்.

இந்தத் திட்டத்தைக் கிழித்துப் போட்டவர்களும் உண்டு. கிளாட் அல்வாரஸ் 1983இல் எழுதியது பெரிய சண்டையானது. பவுடர் வந்த அளவுக்கு உள்ளூர்ப் பால் பெருகவில்லை, நகரத்துக்காரன் குடிக்கக் கிராமத்துக் குழந்தையின் பால் உறிஞ்சப்படுகிறது, புண்ணாக்கை ஏற்றுமதி செய்துவிட்டுப் பவுடரை வாங்குவது என்ன கணக்கு என்றெல்லாம் கேட்டார்கள். கடைசிக் கேள்வி நியாயமானது, இன்றும் நியாயமானது. நடுக் கேள்விக்கும் என்னால் முழுசாக மறுப்புச் சொல்ல முடியாது. வீட்டுக் குழந்தைக்கு வைக்காமல் கடைசிச் சொட்டு வரை சொசைட்டிக்கு ஊற்றிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அதே வீட்டில் அந்தப் பணத்தில் பள்ளிக்கூடக் கட்டணம் கட்டியதையும் பார்த்திருக்கிறேன். இரண்டையும் ஒரே தராசில் போட எனக்குத் தெரியவில்லை.

நெல்லைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் சீக்கிரம் கடந்துவிடுகிறேன். ஃபோர்டு, ராக்ஃபெல்லர் அறக்கட்டளைகளின் பணத்தில் பிலிப்பைன்ஸில் நடந்த நெல் ஆராய்ச்சி நிலையம் 1966இல் ஐ.ஆர். 8ஐ வெளியிட்டது. விளைச்சலைக் கண்டு மகிழ்ந்து மகனுக்கே அந்தப் பெயரை வைத்த தமிழ்நாட்டு விவசாயி ஒருவர் உண்டு. கிணற்றுப் பாசனம் உள்ளவர்கள் எங்கள் பக்கத்திலும் போட்டார்கள். நெய்வேலியில் சோவியத் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையம் 1962 முதல் மின்சாரம் கொடுக்க ஆரம்பித்ததும், பம்புசெட்டு பரவியதும் ஏறக்குறைய அதே காலம். நெல் ஆட்களுக்குத் தெரியாத ஒன்று மாட்டாஸ்பத்திரிக்குத் தெரியும்: ஐ.ஆர். 8 குட்டை ரகம். கதிர் பெருத்தது, தாள் குறைந்தது. அந்த வைக்கோல் முரடு, மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். பழைய சம்பாவில் இரண்டு மாட்டுக்கு ஆண்டு முழுக்க வந்த போர், ஆனி மாதத்துக்குள் கரைந்துவிடும். நெல் பஞ்சம் தீர்த்த அதே விதை வைக்கோல் பஞ்சத்தைக் கொண்டுவந்தது. எந்த அறிக்கையிலும் இதை முதல் பக்கத்தில் எழுத மாட்டார்கள்.

சினை ஊசிக்கு வருகிறேன். நான் வேலையில் சேர்ந்த புதிதில் விந்தணுவைத் திரவமாக, ஐஸ் போட்ட குடுவையில் வைத்துப் பஸ்ஸிலும் சைக்கிளிலும் கொண்டுபோவோம். மூன்று நாள் தாண்டினால் வேஸ்ட். உறைவிந்துக் குச்சி வந்ததும் அந்த ஓட்டம் நின்றது. திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வைத்தால் வருடக்கணக்கில் இருக்கும். பெங்களூருக்குப் பக்கத்தில் ஹெசரகட்டாவில் 1969இல் டென்மார்க் உதவியோடு உறைவிந்து நிலையம் அமைந்தது. கேரளத்து மாட்டுப்பட்டியில் அதற்கு முன்பே, 1963இல், சுவிட்சர்லாந்துக்காரர்கள் வந்திருந்தார்கள். நாடு முழுக்க இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்த ஆட்களில் பலர் இந்த இரண்டில் ஓர் இடத்தின் வாசலையாவது மிதித்தவர்கள். தமிழ்நாட்டில் சமவெளிக்கு ஜெர்சி, மலைக்கு ஃபிரீசியன் என்று கொள்கை. ஜெர்சி சின்ன உடம்பு, எங்கள் வெயிலைக் கொஞ்சம் தாங்கும்.

முதல் கலப்புக் கன்று பிறந்த வீடுகளில் கேட்ட கேள்வி ஒன்றுதான்: கிடாரியா, காளையா? கிடாரி என்றால் முகம் மலரும். காளை என்றால், "இதுக்குத் திமிலே இல்லியே டாக்டரே, நொகத்தடி எங்க நிக்கும்?" என்பார்கள். நியாயமான கேள்வி. திமில் இல்லாத கழுத்தில் நுகம் வழுக்கும், வெயிலில் அந்த மாடு நாக்கைத் தள்ளிப் படுத்துக்கொள்ளும். ஏர் மாட்டு இனத்தை நாங்கள் ஊசிக் குச்சியால் கரைத்தோம் என்று இன்றைக்குச் சொல்கிறார்கள். டிராக்டர் வந்து ஏற்கெனவே பாதி கரைத்திருந்தது என்பதும் உண்மை. இரண்டும் சேர்ந்து நடந்தது.

எங்கள் மாவட்டத்துக்கென்றே வந்த வெளிநாட்டுப் பணம் என்றால் அது ஐஃபாட். ரோமில் தலைமையகம் உள்ள வேளாண்மை வளர்ச்சிக்கான பன்னாட்டு நிதியம். அதன் கடனில் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் 1989இல் தர்மபுரியில் தொடங்கி, 1991-92இல் சேலத்துக்கும் தென்னாற்காட்டுக்கும் விரிந்தது. 1993 செப்டம்பர் இறுதியில் எங்கள் மாவட்டமே இரண்டாகப் பிரிந்தது, சங்கங்கள் இரண்டு பக்கமும் தொடர்ந்தன. இருபது பெண்கள் மரத்தடியில் உட்கார்ந்து வாரத்துக்கு இவ்வளவு என்று போட்டு வைத்து, அதையே ஒருவருக்கொருவர் கடன் கொடுத்து, பிறகு வங்கியில் கடன் கேட்பது. கேட்டவர்களில் பலரும் கேட்டது கறவை மாடுதான்.

அந்த மாடுகளுக்குத் தகுதிச் சான்று எழுதுவது எங்கள் வேலை. அதற்கு முன்பிருந்த ஆண்களின் கடன் திட்டத்தில் ஒரே மாடு இரண்டு பேருக்குக் கடன் வாங்கிக் கொடுத்த கதையெல்லாம் உண்டு. காது வில்லையைக் கழற்றி மாட்டுவது பெரிய வித்தை அல்ல. மகளிர் சங்கத்தில் அது நடக்கவில்லை. நாங்கள் கண்டிப்பானதால் அல்ல. மற்ற பத்தொன்பது பேரும் மாடு வாங்கும்போது சந்தைக்குக் கூடவே வந்தார்கள். ஒருத்தி பல்லைப் பிடித்துப் பார்ப்பாள், ஒருத்தி மடி நரம்பைத் தடவுவாள், ஒருத்தி கறந்து காட்டச் சொல்வாள், தரகர் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசும்போது ஒருத்தி துண்டை விலக்கி, "வாயால சொல்லுய்யா" என்பாள். அவள் கட்டாவிட்டால் கடன் நம் தலையில் என்பது எல்லாருக்கும் தெரியும். 1997-98இல் தமிழ்நாடு அரசு இந்த மாதிரியையே மகளிர் திட்டம் என்று மாநிலம் முழுக்க எடுத்துக்கொண்டது. டென்மார்க் உதவியில் நடந்த தான்வா திட்டமும் இதே போல, பெண் வேளாண் அலுவலர்களை ஊருக்குள் அனுப்பி ஐந்து நாள் பயிற்சி கொடுத்தது. அதைப் பற்றி என் வீட்டுக்காரம்மாதான் எழுத வேண்டும், விதைநேர்த்தியில் அவர் என்னைவிடக் கெட்டி.

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் ஒரு பக்கம் வைத்தால், இன்னொரு பக்கம் வைக்க ஒன்றே ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. என் மகன் வயதுக்காரர்களுக்கு அந்த நோயின் பெயரே தெரியாது. வெக்கை.

மாட்டுக்குக் காய்ச்சல் கண்டு, கண்ணில் நீர் வடிந்து, ஈறிலும் உதட்டின் உள்ளேயும் தவிடு தூவியது போல் வெள்ளை படியும். பிறகு பீச்சல். நாற்றம் தெருமுனையிலேயே அடிக்கும். ஒரு வாரம், பத்து நாளில் மாடு போகும். ஒன்றோடு நிற்காது. தொழுவம் தொழுவமாகக் காலியாகும். ஊர் எல்லையில் வேப்பிலைத் தோரணம் கட்டி, வெளியூர் மாட்டை உள்ளே விடாமல் நிறுத்துவார்கள். அது மூடநம்பிக்கை அல்ல, நாங்கள் படித்ததும் அதைத்தான்: நடமாட்டத்தை நிறுத்து. வெள்ளைக்காரர்கள் 1871இலேயே இந்த மாட்டுக் கொள்ளைநோயைப் பற்றி ஒரு விசாரணைக் குழுவின் அறிக்கையை வெளியிட்டார்கள். இமயமலையில் முக்தேஸ்வரில் ஆய்வுக்கூடம் வைத்தார்கள். 1932இல் ராணிப்பேட்டையில் தொடங்கிய நிறுவனம் நமக்குத் தடுப்பூசி மருந்து கொடுத்தது. 1954இல் தேசிய ஒழிப்புத் திட்டம். ஆனால் அந்தக் காலத்து ஊசி ஆட்டின் உடலில் வளர்த்த கிருமி. நாட்டு மாடு தாங்கும், வெளிநாட்டு ரத்தம் கலந்த மாடு தாங்காது, ஊசியே அதைப் படுக்க வைத்துவிடும். கென்யாவில் வால்டர் பிளவ்ரைட் என்ற ஆங்கிலேயர் 1960 வாக்கில் திசு வளர்ப்பில் செய்த தடுப்பூசிதான் வழி திறந்தது. அது இல்லாவிட்டால் ஜெர்சிக் கலப்பு எங்கள் ஊரில் ஒரு வெக்கைக்கு மேல் பிழைத்திருக்காது. வெண்மைப் புரட்சி என்று பேசுபவர்கள் யாரும் பிளவ்ரைட் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்தியாவில் வெக்கை தங்கியிருந்த கடைசி மூலை தென்மாநிலங்கள்தான். 1992இல் ஐரோப்பியக் கூட்டமைப்பின் பணத்தோடு ஒழிப்புத் திட்டத்தின் கடைசிக் கட்டம் தொடங்கியது. ஒரு காலத்தில் பவுடரைக் கொட்ட இடம் தேடிய அதே ஐரோப்பா. இந்தத் தடவை வந்தது குளிர்பதனக் கருவி, ஆய்வுக்கூடம், வண்டி. தூளாக இருக்கும் மருந்தைக் கரைத்துவிட்டால் ஐஸிலேயே வைத்து, சீக்கிரம் போட்டு முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வெறும் தண்ணீர்தான். மாடு மேய்ச்சலுக்குப் போகுமுன் பிடிக்க வேண்டும் என்பதால் நாலு மணிக்கே ஊருக்குள் இருப்போம். தமுக்கு முதல் நாள் இரவே போட்டிருக்கும். "பாலு வத்திப்போவும் தம்பி, சினை மாட்டுக்கு வேணாம்" என்று கதவை அடைத்த பாட்டிகளிடம் திண்ணையில் உட்கார்ந்து மன்றாடியதெல்லாம் ஊதியத்தில் சேராது.

1995இல் வட ஆற்காடு மாவட்டத்தில் கண்டதே இந்தியாவின் கடைசி வெக்கை. அதற்குப் பிறகு செய்ததுதான் கடினம். ஊசி போடுவதை நிறுத்த வேண்டும். போட்டுக்கொண்டே இருந்தால் நோய் இல்லை என்று நிரூபிக்க முடியாது. இத்தனை வருடம் போடு போடு என்று சொன்ன வாயால் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஊர் ஊராகப் போய் வாய்ப்புண்ணும் பீச்சலுமாக ஏதாவது மாடு செத்ததா என்று தேடினோம். பூவனூர், எடைச்சித்தூர், கோணாங்குப்பம் என்று நோட்டில் எழுதி, எதிரில் இல்லை, இல்லை, இல்லை என்று நிரப்புவது. 2006இல் இந்தியாவை வெக்கை இல்லாத நாடு என்று பாரிஸிலுள்ள உலகக் கால்நடை நல அமைப்பு ஏற்றது. 2011இல் உலகமே விடுபட்டது. பெரியம்மைக்குப் பிறகு மனிதன் பூமியிலிருந்து துடைத்தெறிந்த இரண்டாவது நோய் இது. மங்கலம்பேட்டையில் அன்றைக்கு ஒரு பட்டாசும் வெடிக்கவில்லை.

இந்தத் தேடலுக்கு நடுவில் எங்களைக் குழப்பியது ஆடு. ஆட்டுக்கும் அதே மாதிரி கண்ணீர், வாய்ப்புண், கழிச்சல், சாவு. பல காலம் ஆட்டுக்கு வந்த வெக்கை என்றே எழுதினோம். 1987இல் அரசூரில், உளுந்தூர்பேட்டையிலிருந்து விழுப்புரம் போகும் நெடுஞ்சாலையில் இருக்கும் அதே அரசூரில், ஆடுகள் கூட்டமாகச் செத்தன. எடுத்த மாதிரியைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகம் ஆராய்ந்து, இது வெக்கை அல்ல, அதன் பங்காளி என்று உறுதி செய்தது. ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது அப்படித்தான். வெளிநாட்டிலிருந்து தடுப்பூசி வரும் என்று இந்தத் தடவை யாரும் காத்திருக்கவில்லை. முக்தேஸ்வரில் ஒன்று செய்தார்கள், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் ஒன்று செய்தது. பல்கலைக்கழகம் பயன்படுத்திய கிருமி வகைக்கு ஆராய்ச்சித் தாள்களில் உள்ள பெயர் அரசூர் 87.

இதை ஒருமுறை முகாமில் ஆடு ஓட்டி வந்த ஒருவரிடம் பெருமையாகச் சொன்னேன். நம்ம அரசூர் பெயர் உலகம் பூரா தெரியும், மருந்துக்கே அந்தப் பெயர்தான் என்றேன். கேட்டுக்கொண்டே கிடாயின் காலை இறுக்கிப் பிடித்தவர், "செரி டாக்டரே, ஊசிக்குக் காசு கேப்பாங்களா, சும்மாவா?" என்றார். சும்மாதான் என்றேன். மீதி ஆடுகளை ஓட்டிவரப் பையனை அனுப்பினார்.